மானத்தைக் காத்தோம்... மையித்தைச் சுமந்தோம்!

 

ஒரு ஜனாஸாவைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். இறந்தவர் யார், எந்தத் தெரு என்று யாரும் தேட வேண்டாம். தேட முடியாதபடி அடையாளங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சூரமங்கலத்தில் சொந்தமாகக் கடை வைத்திருந்தவர். வயது ஐம்பதைத் தொடவில்லை. ஜும்ஆவுக்கு முன்வரிசையில் உட்காருவார். பள்ளிவாசல் நிதி என்றால் கேட்கும் முன்பே கொடுப்பார். ஒருநாள் காலை, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டார். 'ஹார்ட் அட்டாக்' என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அதையே சொன்னது. குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுவித்து, அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

சில நாட்கள் கழித்து, மஃரிபுக்குப் பின் அவருடைய தம்பி என்னிடம் வந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு அழுதுகொண்டே சொன்னார்.

"ஹஜ்ரத், அண்ணன் அன்னிக்கு ராத்திரி லேட்டா வந்தாரு. வாடை வந்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு, என்னென்னமோ உளறினாரு. அக்கம்பக்கம் தெரிஞ்சா மானம் போயிடும்னு கதவைச் சாத்திட்டோம். தூங்கினா தெளிஞ்சிடும்னு விட்டுட்டோம். பஜ்ருக்கு எழுப்பினா எந்திரிக்கல."

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொன்னது இதுதான்: அவர் சுகருக்கு மாத்திரை சாப்பிடுபவர். மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், குடித்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி, இரவு முழுவதும் அப்படியே கிடந்ததில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. இரவே கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

முதன்முதலில் சுகர் மாத்திரை எழுதிய டாக்டர், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டாராம். கூடப்போன தம்பிதான் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்: "நாங்க முஸ்லிம், டாக்டர்!"

சகோதரர்களே! அந்த ஒரு பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மது ஹராம் என்பது உங்களுக்குத் தெரியும். அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனம் தெரியாத முஸ்லிம் வாலிபன் இருக்க முடியாது. அதை நான் மீண்டும் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஹராம் என்று தெரிந்தும் குடிக்கிறவன், குடிக்கிறேன் என்பதை மறைத்துவிட்டு மருந்தும் சாப்பிடுகிறானே, அவனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

நம்மிடம் இல்லையா?

"நம்ம சமுதாயத்தில் அதெல்லாம் இல்லை" என்று மேடையில் மார்தட்டுகிறோம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இல்லையா? ஜங்ஷனைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் பின்னால், லாரி ஷெட்டுகளில், கல்யாணத்துக்கு முந்தைய இரவு மாப்பிள்ளைத் தோழர்கள் கூடும் அறையில், வியாபார விஷயமாக வெளியூர் போய்த் தங்கும் லாட்ஜில்... நம் பிள்ளைகளே இல்லையா? மற்றவர்கள் கடையில் நின்று குடிக்கிறார்கள். நம்மவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாம் எந்த மண்ணில் இருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ந் தேதி, அன்றைய சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள் இருந்தன. அதே மண்ணில், 2003 நவம்பர் முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடை திறந்து சில்லறைக்கு விற்கிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் மது வகையில் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். மதுவுக்கு எதிராகப் போராடிப் போராடி, 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் போராட்டக் களத்திலேயே உயிரை விட்ட காந்தியவாதி சசிபெருமாளும் நம் சேலத்துக்காரர்தான். அவர் முஸ்லிம் அல்ல. நாம் பேசியிருக்க வேண்டியதை அவர் செய்துவிட்டுப் போனார்.

இன்னொரு பக்கம், நம் வியாபாரிகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் சட்டைப் பையைப் பாருங்கள். சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொடுக்கல் வாங்கல் கவலையில் தூக்கம் வராததற்கு ஒன்று! மாத்திரை ஒரு பையில், பாட்டில் இன்னொரு பையில். இரண்டும் வயிற்றுக்குள் சந்திக்கும்போது என்ன நடக்கிறது?

ஒரே ஆள், இரண்டு சரக்கு

குடித்த மதுவில் பெரும்பகுதியை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கு. முதலில் அதை அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. பிறகு அந்த நச்சையும் உடைக்கிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைப் பக்குவப்படுத்தி வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான். கடையில் ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இரண்டு லாரிச் சரக்கை ஒரே நேரத்தில் இறக்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு லாரி நின்றுவிடும். அதாவது மருந்து உடலில் தேங்கி, ஒரு மாத்திரை இரண்டு மாத்திரையின் வேலையைச் செய்யும். நாள்தோறும் குடிப்பவன் விஷயம் வேறு. அவன் கல்லீரல் சில மருந்துகளை அளவுக்கு மீறிய வேகத்தில் உடைக்கப் பழகிவிடும். அப்போது மருந்து வேலை செய்யாது, அல்லது உடைந்த துண்டே விஷமாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் டாக்டர் போட்ட கணக்கு தப்பிவிடுகிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுகர் மாத்திரை: நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருக்கிறது. மது அந்த வேலையைத் தடுக்கிறது. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இன்னொரு பக்கம் சர்க்கரையை இறக்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம், பிறகு மயக்கம். பார்ப்பவனுக்கு இது போதை போலவே தெரியும்! சூரமங்கலத்துச் சகோதரரின் வீட்டார் ஏமாந்தது இங்கேதான். மெட்பார்மின் சாப்பிடுபவர் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்பு இருக்கிறது.

தூக்க மாத்திரை: மதுவும் மூளையை மந்தமாக்குகிறது, டயஸிபாம், அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளும் மந்தமாக்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சு விடுவதையே மூளை மறந்துவிடும். 1975 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் ஒரு விருந்தில் குடித்தாள். டயஸிபாம் மாத்திரையும் உள்ளே இருந்தது. மயங்கியவளைப் படுக்க வைத்தார்கள். திரும்ப வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. மூச்சைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. நினைவைக் கொண்டுவர முடியவில்லை. செயற்கை சுவாசக் கருவியை எடுக்கலாமா கூடாதா என்று பெற்றோர் நீதிமன்றப் படியேறிய வழக்கு உலகப் புகழ் பெற்றது. கருவியை எடுத்த பிறகும் 1985 ஜூன் வரை, மொத்தம் பத்து வருடங்கள், அந்தப் பெண் கண்திறந்து யாரையும் அறியாமலே கிடந்து இறந்தாள். 'தூங்கட்டும், தெளிஞ்சிடும்' என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள் அல்லவா?

காய்ச்சல், தலைவலி மாத்திரை: எல்லோரும் சாதாரணமாக நினைப்பது பாரசிட்டமால். இரவு குடித்துவிட்டுக் காலையில் தலைவலிக்கு இதைத்தான் விழுங்குகிறார்கள். பாரசிட்டமால் உடையும்போது கொஞ்சம் நச்சும் உண்டாகிறது. அதை முறிக்கும் பொருள் கல்லீரலில் இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. நாள்தோறும் குடிப்பவனிடம் நச்சு அதிகமாக உண்டாகிறது. முறிக்கும் பொருளோ தீர்ந்துபோயிருக்கிறது. 1993-ல் அமெரிக்காவில் அன்டோனியோ பெனடி என்பவர், இரவு உணவோடு ஒயின் குடிக்கும் வழக்கமுள்ளவர், சளிக் காய்ச்சலுக்குச் சில நாட்கள் பாரசிட்டமால் சாப்பிட்டார். கல்லீரல் செயலிழந்து கோமாவில் விழுந்தார். வேறு கல்லீரல் பொருத்தித்தான் உயிர் பிழைத்தார். உறையில் இந்த எச்சரிக்கை ஏன் இல்லை என்று வழக்குத் தொடுத்தார். 1994-ல் 80 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பானது. 1998-ல் அமெரிக்க அரசு, சீட்டில்லாமல் விற்கும் வலி மாத்திரை உறைகளில் குடிப்பவர்களுக்கான எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. டைக்ளோபினாக், ஐபுபுரோபன், ஆஸ்பிரின் வகையோ வயிற்றின் உட்சுவரை அரிப்பவை. மதுவும் அரிக்கும். ரத்த வாந்தி எடுத்து வருகிறவர்களைக் கேட்டால் இந்த இரண்டும் சேர்ந்த கதைகள் வரும்.

காசநோய் மாத்திரை: ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைச் சோதிப்பவை. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை. குடித்தால் மஞ்சள் காமாலை வரும் ஆபத்து கூடுகிறது. காமாலைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினால் நோய் முற்றுகிறது. அவன் வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றுகிறது.

சளி, அரிப்பு மாத்திரை: லாரி, வேன் ஓட்டும் சகோதரர்கள் கவனியுங்கள். குளோர்பெனிரமின், செட்டிரிசின் போன்றவை தனியாகவே தூக்கம் தருபவை. கொஞ்சம் மதுவும் சேர்ந்தால் கண் திறந்திருக்கும்போதே மூளை தூங்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று இறக்கி ஆளைக் கீழே தள்ளும். வயிற்றுப்போக்குக்கு எழுதும் மெட்ரோனிடசோல் சாப்பிடும்போதும், முடிந்த பின் சில நாட்களும் மது கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

காபியில் கலக்கும் தாய்மார்களுக்கு

இன்னொரு மறைவு இருக்கிறது. அது குடிகாரன் செய்வதல்ல. அவன் வீட்டார் செய்வது. கணவனைத் திருத்த நினைக்கும் சகோதரி, மகனைத் திருத்த நினைக்கும் தாய், யாரோ சொன்னார்கள் என்று ஒரு மாத்திரையை வாங்கிப் பொடி செய்து காபியிலோ குழம்பிலோ கலந்துவிடுகிறார்கள். அவர்களின் கண்ணீர் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்பிராம். 1940-களில் டென்மார்க் விஞ்ஞானிகள் அதன் குணத்தைக் கண்டறிந்தார்கள். அசிட்டால்டிஹைடு என்ற நச்சைக் கல்லீரல் உடைக்கும் என்று சொன்னேனே, அந்த வேலையை இது நிறுத்திவிடும். அதன்பின் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இருதயம் பலவீனமானவன் செத்தே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இதன் வேகம் நிற்கும். அதனால்தான் சாப்பிடுகிறவனுக்கு முழுவதும் தெரிவித்து, அவன் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது விதி. தெரிந்து சாப்பிடுகிறவனுக்கு அது வேலி. தெரியாமல் விழுங்குகிறவனுக்கு அது படுகுழி. கணவனைத் திருத்தப் போய்க் கணவனைக் கொன்ற பாவத்தைச் சுமக்காதீர்கள், தாய்மார்களே!

கள்ளில் கலக்கும் வியாபாரிகள்

வீட்டார் மருந்தைக் கலப்பது அறியாமையால். காசுக்காகக் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். தெலங்கானாவில் மரத்தில் இறங்கும் கள் தேவைக்குப் போதாமல், தண்ணீரில் சாக்கரினும் டயஸிபாம், அல்ப்ரசோலம் போன்ற தூக்க மருந்துகளும் கலந்து கள் என்று விற்பது நீண்டகாலக் கொடுமை. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். அல்ப்ரசோலம் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிந்தது. குடித்தவன் தான் மாத்திரை சாப்பிட்டதையே அறியான்! தமிழ்நாட்டில் கள்ளுக்கடை வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்.

தம்பி, உனக்குத்தான்!

'நான் குடிப்பதில்லை, மாத்திரை மட்டும்தான். வாடை வராது, வீட்டுக்குத் தெரியாது' என்று நினைக்கும் தம்பியே! ஆபரேஷன் வலிக்கும் புற்றுநோய் வலிக்கும் கொடுக்கும் மாத்திரையை நீ போதைக்கு விழுங்குகிறாய். டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? இந்த வகை மாத்திரையோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். போதை என்ற பெயர் எதற்கெல்லாம் பொருந்துமோ அதெல்லாம் ஹராம்தான். மாத்திரை என்பதால் ஹலாலாகிவிடாது. பிடிபட்டால் சிறை, பிடிபடாவிட்டால் கபுரு. இதில் எதை நீ லாபம் என்கிறாய்?

மெடிக்கல் ஷாப் நடத்தும் சகோதரர்களே! உங்கள் தொழில் மற்ற வியாபாரம் போன்றதல்ல. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 பட்டியலின்படி அல்ப்ரசோலம், டயஸிபாம் போன்றவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதிய டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பத்து மாத்திரையில் கிடைக்கும் சில்லறை லாபத்துக்காகச் சீட்டில்லாமல் நீட்டுகிறவர், மறுமையில் எந்தப் பதிவேட்டைக் காட்டுவார்? மாத்திரை கொடுக்கும்போது 'இதோடு குடிக்கக்கூடாது' என்று தொப்பி போட்டவரிடமும் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விடாதீர்கள்.

குடிக்காதவரும் கவனிக்க!

'எனக்கும் இதற்கும் என்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகும் பெரியவரே, ஒரு நிமிடம்! ஆசவம், அரிஷ்டம் எனப்படும் ஆயுர்வேத மருந்துகளில் புளிக்க வைப்பதால் தானாகவே ஆல்கஹால் உண்டாகிறது. இருமல் சிரப்புகள் சிலவற்றிலும், ஹோமியோபதி திரவ மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு. டானிக் என்று நினைத்து இதைக் குடித்துவிட்டுத் தூக்க மாத்திரையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அட்டையைப் படியுங்கள். ஆல்கஹால் இல்லாத சிரப் வேண்டும் என்று கேளுங்கள், கிடைக்கும். சளி பிடித்த பிள்ளைக்கு இரண்டு ஸ்பூன் பிராந்தி கொடுக்கச் சொல்லும் பாட்டி வைத்தியத்தை அடியோடு விடுங்கள். மதுவை மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி தாரிக் பின் சுவைத் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அதையும் தடுத்துவிட்டார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

மறைத்ததால் கூடிய மரணம்

மறைப்பது எப்படிக் கொல்லும் என்பதற்குத் தூரத்தில் போக வேண்டாம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முதல் சாவுகள் நடந்தபோது அவை சாராயச் சாவுகள் அல்ல என்று அதிகாரத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. அந்தப் பேச்சை நம்பிய பேதைகள் என்ன நினைத்திருப்பார்கள்? மெத்தனால் விஷத்துக்கு முறிவு மருந்து உண்டு. ஆனால் குடித்தது என்ன, எப்போது என்று தெரிந்தால்தான் டாக்டர் நேரத்தோடு கொடுக்க முடியும். அங்கே அரசு மறைத்தது, இங்கே நம் வீடு மறைக்கிறது. முடிவு ஒன்றுதான்.

2019 முதல் மது பாட்டில்களில், மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதே என்ற எச்சரிக்கை கட்டாயமாகியிருக்கிறது. மருந்தோடு சேர்த்தால் சாவாய் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. முழு மதுவிலக்குத்தான் நம் கோரிக்கை. அது வரும்வரை இந்த எச்சரிக்கையையாவது அச்சிடு என்று அரசைக் கேட்போம்.

என் தவறு

ஒரு விஷயத்தை மேலே சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று அந்தத் தம்பியிடம் நான் கேட்டேன்: "இதை முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "குடிக்கிறவன் ஜனாஸாவுக்கு நான் வரமாட்டேன்னு நீங்க பயான்ல சொன்னீங்க ஹஜ்ரத். அண்ணனும் அன்னிக்கு முன்வரிசையில உட்கார்ந்திருந்தாரு."

நான் என்ன பதில் சொல்வது? ஆம், சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். கேட்டவர்கள் பாராட்டினார்கள். அந்தச் சகோதரர் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க நானும் ஒரு காரணமாகிவிட்டேன். நபித்தோழர்கள் காலத்தில் மது ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை. படிப்படியாகத்தான் தடை வந்தது என்று மதரஸாவில் ஓதியவன் நான். ஓதியதை மிம்பரில் மறந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அந்த வார்த்தையை இந்தப் பத்திரிகை வாயிலாகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஹராம் ஹராம்தான், அதில் ஓர் எழுத்தையும் குறைக்க மாட்டேன். ஆனால் விட நினைத்து என் வாசலுக்கு வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்கும். அவன் ரகசியம் என்னோடு கபுருக்கு வரும்.

என்ன செய்ய வேண்டும்?

குடியை விடாத சகோதரனே! இன்றே விடு. ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடிப்பவனாக இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு விடு. ரமலான் பிறை கண்டதும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு அலறுவது எல்லாம் வரும். ஜின் பிடித்தது என்று ஓதிப் பார்க்க ஆள் தேடுகிறார்கள்! அது உயிரைக் குடிக்கும் மருத்துவ ஆபத்து. ரமலானில் விட நினைப்பவன் ஷஃபானிலேயே சிகிச்சைக்குப் போகட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணில் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம்.

டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து, தாடியைப் பார்த்து அவர் கேட்காமல் விட்டிருக்கலாம். கூடப் போகிறவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். என்ன மாத்திரை, எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

வீட்டாரே! குடித்தவன் உளறினால், வியர்த்தால், எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானால் கதவைச் சாத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் போடுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! குடிப்பவன் வீட்டு நிகாஹ்வை எழுத மாட்டோம் என்று தீர்மானம் போடுவது எளிது. அவனை சிகிச்சைக்கு அழைத்துப் போக இரண்டு பேரை ஒதுக்குவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு டாக்டரை அழைத்து, ஜும்ஆவுக்குப் பின் இந்த விஷயத்தைப் பேச வையுங்கள்.

சகோதரர்களே! அந்தச் சூரமங்கலத்துக் கடை இன்றும் திறந்திருக்கிறது. கல்லாவில் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் ஸலாம் சொல்கிறேன். அவர் பதில் சொல்கிறார். இருவர் மனதிலும் ஓடுவது அந்த இரவுதான். உங்கள் வீட்டுக்கு அப்படி ஓர் இரவு வரவேண்டாம். குடியை விடுங்கள். விடும்வரை, உங்கள் உயிரைப் பார்க்கும் டாக்டரிடமாவது உண்மை பேசுங்கள்.

நம் அனைவரையும் அல்லாஹ் காப்பானாக! வஸ்ஸலாம்.